பிள்ளைக்கு ஒரு போன், டேட்டா செலவு இல்லாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை தனியாக வெளியே போய்வரத் தொடங்கியதும் வீட்டில் போன் பேச்சு வந்துவிடும். நாம் கூப்பிட்டால் பிள்ளை எடுக்க வேண்டும், ஏதாவது என்றால் பிள்ளையால் நம்மைக் கூப்பிட முடிய வேண்டும். பெரும்பாலான பெற்றோர் கேட்பது இவ்வளவுதான், இதற்கு நெட் தேவையே இல்லை. ஆனால் கடையில் இருக்கும் போன்களும் பேக்குகளும் ஏறக்குறைய எல்லாமே நெட்டோடு சேர்ந்துதான் வருகின்றன. அதைப் பிரித்தெடுத்து ஓரமாக வைப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

எந்த போன் வாங்கலாம் என்று முதலில் சொல்லுங்களேன்.

முதலில் சிம்மை முடிவு செய்யுங்கள், போன் அப்புறம். டேட்டாவுக்குக் காசு வாங்குவது போன் கம்பெனி கிடையாது, சிம் கொடுத்த நிறுவனம்தான். கைபேசியில் நீங்கள் போடும் பூட்டைப் பிள்ளை எப்படியாவது திறந்துவிடக்கூடும். சில நேரம் ஒரு அப்டேட்டே அதைத் திறந்துவிடும். நிறுவனத்தின் பக்கம் டேட்டாவை நிறுத்திவிட்டால், கையில் எந்த போன் இருந்தாலும் அந்த சிம்மில் நெட் வராது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?

பிள்ளைக்கு ப்ரீபெய்டு. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. போஸ்ட்பெய்டில் மாதக் கடைசியில்தான் விஷயம் தெரியும், அதற்குள் ஆக வேண்டியது ஆகியிருக்கும். ப்ரீபெய்டில் எவ்வளவு மோசமானாலும் போவது உள்ளே இருக்கும் பேலன்ஸ்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டேட்டா பேக் எதுவும் போடாத ப்ரீபெய்டு சிம்மில் நெட் வராது என்று பலர் நம்புகிறார்கள். சில திட்டங்களில் பேக் இல்லாவிட்டால் டேட்டாவுக்கான காசு நேராக மெயின் பேலன்ஸிலிருந்து போகும், அதுவும் எம்பி கணக்கில், பேக் விலையைவிடப் பல மடங்காக. பேசுவதற்கென்று போட்டு வைத்த பேலன்ஸ் ஒரே மத்தியானத்தில் காலியாகி, சாயங்காலம் பிள்ளையால் கூப்பிட முடியாமல் போவது இப்படித்தான். தானாக ரீசார்ஜ் ஆகும் வசதியை இந்த எண்ணுக்குப் போடாதீர்கள். அதைப் போட்டுவிட்டால் ப்ரீபெய்டும் போஸ்ட்பெய்டு மாதிரிதான்.

பேக்கிலேயே கொஞ்சம் டேட்டா சும்மா வருகிறதே, அது இருந்தால் என்ன?

இருக்கலாம். அது தீர்ந்ததும் என்ன நடக்கும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில பேக்குகளில் நெட் அப்படியே நின்றுவிடும். சிலவற்றில் வேகம் மிகவும் குறையும், காசு போகாது. சிலவற்றில் அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு எம்பிக்கும் கட்டணம் ஏறும். முதல் இரண்டும் பிள்ளைக்கு ஒத்துவரும். மூன்றாவது வகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நிறுவனத்திடம் சரியாக என்னவென்று கேட்க வேண்டும்?

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, “இந்த எண்ணில் மொபைல் டேட்டாவை உங்கள் பக்கமே நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லுங்கள். பல நிறுவனங்கள் எஸ்எம்எஸ் மூலமாகவோ தங்கள் செயலியிலோ இதைச் செய்ய விடுகின்றன. செயலி என்றால் அது உங்கள் போனில் இருக்கட்டும், அதன் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும்.

கூப்பிட்ட கையோடு இன்னும் சிலவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரோமிங் ஒன்று. வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பது ஒன்று. கூடுதல் கட்டணம் பிடிக்கும் போட்டி, ஜோசியம், ஓட்டுப்போடும் எண்கள் ஒன்று. அப்புறம் செயலிகளிலும் விளையாட்டுகளிலும் வாங்கும் பொருளுக்கான காசை மொபைல் பில்லிலோ பேலன்ஸிலோ சேர்க்கும் வசதி. இந்தக் கடைசி ஒன்றைத்தான் யாரும் நினைவு வைத்துக் கேட்பதில்லை.

நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்னதோடு விடாதீர்கள். சிம்மைப் போனில் போட்டு, வைஃபையை ஆஃப் செய்து, மொபைல் டேட்டாவை ஆன் செய்து, பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதுவரை திறக்காத பக்கமாகப் பாருங்கள், ஏற்கெனவே பார்த்தது நெட் இல்லாமலேயே திரையில் வந்து நிற்கக்கூடும். பக்கம் திறக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. அதே சிம்மிலிருந்து உங்களுக்கு ஒரு கால் போட்டு, பேச்சும் சேர்ந்து நின்றுவிடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டன் போன் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லைதானே?

சின்னப் பிள்ளைக்கு, பேசுவதற்கு மட்டும் என்றால் என் ஓட்டும் பட்டன் போனுக்குத்தான். கீழே விழுந்தாலும் தாங்கும், சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், தொலைந்தாலும் அவ்வளவாக வலிக்காது. ஆனால் பட்டன் போன் என்றாலே நெட் இல்லாத போன் என்று நினைத்துவிட வேண்டாம்.

பல பட்டன் போன்களில் ஒரு பிரவுசர் ஒளிந்திருக்கும். நடுவில் இருக்கும் பட்டனையோ அம்புக்குறிப் பட்டனையோ அழுத்தினால் நேராக அதுவே திறக்கும். கீபேடைப் பூட்டாமல் பையில் போட்டால், புத்தகம் இடித்தே நெட் ஓடிவிடும். கடையிலேயே போனைக் கையில் வாங்கி எல்லாப் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிரவுசர் திறக்கும் பட்டனுக்கு டார்ச்சையோ அலாரத்தையோ மாற்றி வைக்க முடிகிறதா என்று செட்டிங்ஸில் தேடுங்கள், பல மாடல்களில் முடியும். கய்ஓஎஸ் போன்ற மென்பொருளில் ஓடும் பட்டன் போன்கள் உருவத்தில் மட்டும்தான் பட்டன் போன். வீடியோ, வைஃபை, செயலிக் கடை என்று உள்ளே பெரும்பாலும் எல்லாமே உண்டு.

இன்னொரு பக்கம், மிகப் பழைய எளிய போனை வாங்கி ஏமாறவும் கூடாது. பல நாடுகளில் 2ஜி, 3ஜி என்ற பழைய நெட்வொர்க்குகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடின, ஆஸ்திரேலியாவில் 2024இல் மூடினார்கள். சில நாடுகளில் 3ஜி போய் 2ஜி இன்னும் இருக்கிறது. 2017இல் நோக்கியா 3310 மறுபடி வந்தபோது ஆசையாக வாங்கியவர்கள் நிறைய. அந்த முதல் பதிப்பு 2ஜியில் மட்டும் ஓடக்கூடியது, 2ஜி இல்லாத இடத்தில் அதில் ஒரு கால்கூடப் பேச முடியாது. ஆகவே அட்டைப்பெட்டியில் 4ஜி, வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி, VoLTE) என்ற இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் நிறுவனத்தின் சிம்மில் அந்த மாடலில் கால் போகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவசர எண்ணுக்கான அழைப்பும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வோல்ட்இ என்றால் கால் நெட் வழியாகத்தானே போகிறது? டேட்டாவை நிறுத்தினால் கால் வருமா?

வரும். வோல்ட்இயில் குரல் 4ஜி வழியாகப் போனாலும், நிறுவனம் அதற்கென்று தனிப்பாதை வைத்திருக்கிறது. கணக்கிலும் அது பேச்சாகத்தான் ஏறும். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்தாலும் கால் வழக்கம்போல வரும், போகும். ஆனால் சிலர் டேட்டா என்று நினைத்து வோல்ட்இயையே ஆஃப் செய்துவிடுகிறார்கள். 4ஜி மட்டும் இருக்கும் இடத்தில் அப்படிச் செய்தால் போனில் பேசவே முடியாது.

ஸ்மார்ட்போன்தான் கொடுக்கப் போகிறோம். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்து வைத்தால் போதாதா?

திரையை மேலிருந்து கீழே இழுத்தால் டேட்டா ஆன் செய்யும் பட்டன் அங்கேயே இருக்கிறது. பிள்ளை வேண்டுமென்றே தொட வேண்டும் என்றுகூட இல்லை, டார்ச் போடப் போன விரல் பக்கத்தில் பட்டாலே போதும். அதனால் நிறுவனத்தின் பூட்டு இருக்கட்டும், போனில் செய்வது கூடுதல் காவலாக இருக்கட்டும்.

ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியில் ஒரு வரம்பு போடலாம். அந்த அளவு ஓடியதும் போனே மொபைல் டேட்டாவை நிறுத்திவிடும். ஆனால் போன் வைக்கும் கணக்கும் நிறுவனம் வைக்கும் கணக்கும் அப்படியே ஒத்துப்போகாது, அதனால் வரம்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். ஐபோனில் எந்தெந்தச் செயலி மொபைல் டேட்டாவைத் தொடலாம் என்று ஒவ்வொன்றாக ஆஃப் செய்யலாம். பிறகு ஸ்கிரீன் டைம் பகுதியில் அந்தத் தேர்வுகளை மாற்ற முடியாதபடி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டிவிடலாம்.

ஏபிஎன் என்ற இடத்தில் தவறான பெயர் கொடுத்து நெட்டை முடக்கும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. டேட்டா எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதற்கான பெயர் அது. வேலை செய்யும்தான். ஆனால் சிம்மைக் கழற்றிப் போட்டாலோ போனை ரீசெட் செய்தாலோ சரியான பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துவிடக்கூடும். நிறுவனம் டேட்டாவை நிறுத்தித் தர மறுத்தால் மட்டும் இதை நாடுங்கள்.

பிள்ளை ஒன்றுமே பார்க்கவில்லை என்கிறான், ஆனால் டேட்டா ஓடியிருக்கிறது. பொய் சொல்கிறானா?

அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். நான் பார்த்தவரை, பிள்ளையின் மேல் விழும் பழியில் நிறைய போன் தானாகச் செய்தது. பாக்கெட்டில் சும்மா கிடக்கும் ஸ்மார்ட்போன் செயலிகளை அப்டேட் செய்யும், படங்களை கிளவுடில் ஏற்றும், மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கும், விளம்பரங்களை இறக்கி வைத்துக்கொள்ளும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது வைஃபை பலவீனமாக இருக்கும் அறை. ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று ஒன்று உண்டு, 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்தது. வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்றால் போன் ஓசைப்படாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வாங்கும்போதே இது ஆனில்தான் இருக்கும். பிள்ளை வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு வைஃபையில் வீடியோ பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும், ரவுட்டரோ இரண்டு சுவர் தள்ளி இருக்கும். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பக்கத்தைத் திறந்து, செயலிகளின் பட்டியலைத் தாண்டி அடிவரைக்கும் இறங்கினால் வைஃபை அசிஸ்ட் தென்படும், அதுவரை எத்தனை எம்பி அப்படிப் போனது என்றும் அங்கேயே இருக்கும். சாம்சங் உள்ளிட்ட பல ஆண்ட்ராய்டு போன்களிலும் வைஃபை செட்டிங்ஸுக்குள் இதேபோல ‘மொபைல் டேட்டாவுக்கு மாறு’ என்ற தேர்வு இருக்கிறது. இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

செயலிகளின் அப்டேட், படங்களின் பேக்கப் இரண்டையும் வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரை ஆன் செய்தால் பின்னணியில் ஓடுபவை பெரும்பாலும் அடங்கிவிடும். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் இரண்டு வகைப் போனிலும் இருக்கிறது. பிள்ளையைக் கேட்பதற்கு முன் அதைப் பாருங்கள், பக்கத்தில் உட்கார வைத்துச் சேர்ந்தே பார்த்தால் இன்னும் நல்லது.

வீடியோ உண்மையிலேயே அவ்வளவு இழுக்குமா?

இழுக்கும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை. குட்டி வீடியோக்கள் சின்னவை என்று தோன்றும், ஆனால் விரலைத் தள்ளுவதற்கு முன்பே அடுத்தடுத்தவை இறங்கிக் காத்திருக்கும். எழுத்துச் செய்திகள் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சிம்மே போடாமல் ஸ்மார்ட்போன் கொடுக்கலாமா?

தாராளமாக. வீட்டு வைஃபையில் படிக்க, வரைய, தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேச இது போதும். மொபைல் டேட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியே போகும்போது பட்டன் போன், வீட்டில் சிம் இல்லாத ஸ்மார்ட்போன் என்று இரண்டாகப் பிரித்து வைப்பது பல குடும்பங்களில் நன்றாக நடக்கிறது.

ஆனால் சிம் இல்லாத போனை நம்பி பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாம். சிம் இல்லாமலும் அவசர எண்ணுக்குக் கூப்பிட பல நாடுகளில் முடியும், எல்லா நாட்டிலும் முடியாது. முடிகிற இடத்திலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூப்பிட முடியாதே. அப்புறம், காலியாக இருக்கும் சிம் துளையில் நண்பனின் சிம் வந்து உட்காரலாம், இ-சிம் உள்ள போனில் அட்டையே இல்லாமல் டேட்டா திட்டம் சேர்க்கலாம். இரண்டாவது சிம் போட இடமிருக்கும் போனிலும் இதே கதைதான்.

டேட்டா இல்லாவிட்டால் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?

டேட்டாவை நிறுத்துவதில் நீங்கள் உண்மையாகவே விட்டுக்கொடுப்பது இது ஒன்றைத்தான், யோசித்து முடிவு செய்யுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், போன் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த இடத்தை உங்கள் போனுக்குச் சொல்ல நெட் வேண்டும். பெற்றோருக்காக கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் போன்ற செயலிகளின் வரைபடத்தில், டேட்டா இல்லாத பிள்ளையின் போன் கடைசியாக வைஃபை கிடைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து, “இன்னும் பள்ளியிலேயே இருக்கிறாளே” என்று பதறிப்போகாதீர்கள்.

நெட் இல்லாமலேயே, கையில் உள்ளதை வைத்துச் சமாளிக்க வழிகள் உண்டு. போய்ச் சேர்ந்ததும் ஒரு எஸ்எம்எஸ், கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் என்று பழக்கிவிடலாம். சில பட்டன் போன்களில் எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் நீங்கள் சேமித்து வைத்த எண்களுக்கு அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ போகும். ஆப்பிளின் ஃபைண்ட் மை வலையில் தொலைந்த ஐபோன் தன் டேட்டா இல்லாமலேயே பக்கத்தில் போகும் மற்ற ஆப்பிள் கருவிகளின் ப்ளூடூத் வழியாக இடத்தைச் சொல்லிவிடும், கூகுளும் 2024இல் இதேபோன்ற வலையைத் திறந்தது. இவை பொருளைத் தேடுவதற்கு உருவானவை, பிள்ளையை நொடிக்கு நொடி பின்தொடர உதவாது.

வழி பார்ப்பதற்கு, கூகுள் மேப்ஸில் உங்கள் பகுதியை முன்பே வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனாலும் பிள்ளை தினமும் நீண்ட தூரம் தனியாகப் போகிறது, இடம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் டேட்டாவை முழுதாக நிறுத்தாதீர்கள். தீர்ந்ததும் தானாக நின்றுவிடும் சிறிய பேக் ஒன்றைப் போட்டு, இடத்தைச் சொல்லும் செயலியைத் தவிர மற்ற செயலிகளுக்கு மொபைல் டேட்டாவை அடைத்துவிடுங்கள். இடத்தை மட்டும் சொல்வதற்கு மிகக் கொஞ்சம் டேட்டாவே போதும்.

சிறுவர்களுக்கான கைக்கடிகாரப் போன் நல்ல மாற்றா?

கவர்ச்சியான பொருள்தான். ஆனால் இடம் காட்டும் வாட்ச்சுகளுக்கும் சிம்மும் டேட்டாவும் வேண்டும், ஆக நீங்கள் தவிர்க்க நினைத்த செலவு வேறு வடிவத்தில் வந்து நிற்கும். பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2017இல் நார்வேயின் நுகர்வோர் கவுன்சில் இப்படிப்பட்ட வாட்ச்சுகளைச் சோதித்து, சிலவற்றில் அந்நியர்கள் பிள்ளையின் இடத்தைப் பார்க்கும் அளவுக்கு ஓட்டைகள் இருந்ததை வெளியிட்டது. ஜெர்மனியில் அதே ஆண்டு, சுற்றியிருப்போர் பேச்சை ரகசியமாக ஒட்டுக்கேட்க உதவும் சிறுவர் வாட்ச்சுகளை விற்கவே தடை போட்டார்கள். பெயர் தெரியாத தயாரிப்பாளரின் மலிவு வாட்ச்சைப் பிள்ளையின் கையில் கட்டுவதைவிட எளிய போன் மேல்.

எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா போகாதே?

போகாது, ஆனால் தனிக் கட்டணம் இருக்கலாம். தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 குறிகள் வரை போகும். தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்கில் ஏறும். ‘வந்துட்டேன்’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்குக்கு 11. கொஞ்சம் நீளமாக எழுதினாலே இரண்டு மூன்று செய்திகளுக்கான காசு போய்விடும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு எமோஜி போட்டாலும் அதுவும் 70க்கு இறங்கிவிடும். இதற்காகப் பிள்ளையைத் தமிழில் எழுதாதே என்று சொல்லிவிடாதீர்கள், எஸ்எம்எஸ் உள்ளடங்கிய பேக் வாங்கிவிட்டால் தீர்ந்தது.

படம் சேர்த்து அனுப்பினால் அது எம்எம்எஸ் ஆகிவிடும், அதற்கு டேட்டா இணைப்பும் பெரும்பாலும் தனிக் கட்டணமும் உண்டு. ஐபோனில் ஆப்பிளின் சொந்தச் செய்தி, வீடியோ அழைப்பு வசதிகளான ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் முதல்முறை ஆன் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு எஸ்எம்எஸ் போகும், அதற்குக் கட்டணம் பிடிக்கலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. புது சிம்மில் போட்ட முதல் நாளே பேலன்ஸ் கொஞ்சம் குறைந்திருந்தால் இது காரணமாக இருக்கலாம்.

வகுப்பில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள் என்கிறாள். டேட்டா இல்லாமல் கொடுக்க முடியுமா?

வீட்டு வைஃபையில் ஓடும். கணக்கைத் தொடங்க எண்ணைச் சரிபார்க்கும் குறியீடு எஸ்எம்எஸ்ஸிலோ அழைப்பிலோ வந்தால் போதும், அந்த சிம்மில் டேட்டா தேவையில்லை. வெளியே இருக்கும்போது வந்தவை வீடு வந்ததும் மொத்தமாக வந்து இறங்கும். பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி நல்லது என்றே நான் நினைக்கிறேன். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். தனக்கென்று கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி. அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் உங்கள் போனிலேயே, உங்கள் பக்கத்தில் இருந்தபடி பேசட்டும்.

எங்கள் பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்கு, அதில் சேமித்த கார்டு, மெயில், தானாக ஓடும் பேக்கப் எல்லாம் உள்ளே இருக்கும். கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுதாக ரீசெட் செய்து, பிள்ளையின் வயதைச் சரியாகக் கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன மிகப் பழைய போன் என்றால் வைஃபைக்குக்கூட வேண்டாம். பேட்டரி மத்தியானத்தோடு படுத்துவிடும் போனும் இந்த வேலைக்கு ஆகாது, பிள்ளை நம்மைக் கூப்பிடுவது பெரும்பாலும் மாலையில்தான்.

விளையாட்டில் ஏதோ அழுத்தினான், சந்தா சேர்ந்துவிட்டது. டேட்டாவை நிறுத்தினால் இதுவும் நிற்குமா?

ஒரு பகுதி நிற்கும். சில சந்தாக்கள் கார்டும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அந்தத் தளத்துக்கு உங்கள் எண் எது என்பது நிறுவனம் வழியாகத் தெரிந்துவிடும், ஒரு பட்டன் அழுத்தினாலே பேலன்ஸில் கை வைத்துவிடும். இந்தப் பாதையைப் பயன்படுத்தித் திருடும் கெட்ட செயலிகளும் உண்டு. மொபைல் டேட்டா இல்லாத சிம்மில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் எஸ்எம்எஸ் மூலமாகச் சேரும் சந்தாவும், செயலிக் கடையில் சேமித்த கார்டில் போகும் காசும் இதில் அடங்காது. பிள்ளையின் கணக்கில் கார்டே வைக்காதீர்கள், ஒவ்வொரு வாங்கலுக்கும் உங்கள் அனுமதி வேண்டும் என்று வையுங்கள்.

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். திருப்பிக் கூப்பிட வைத்துக் காசு பிடுங்குவதுதான் அந்த அழைப்பின் நோக்கமே.

ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால்?

பிள்ளையின் சிம்முக்குச் செலவில்லை, உங்கள் பேக்தான் கரையும். ஹாட்ஸ்பாட்டையும் பிள்ளையின் போன் வைஃபையாகவே பார்க்கும். ‘வைஃபையில் மட்டும்’ என்று நீங்கள் நிறுத்தி வைத்திருந்த அப்டேட்டும் பேக்கப்பும் அப்போது பாய்ந்து வரும். பிள்ளையின் போன் ஆண்ட்ராய்டு என்றால், அதில் அந்த இணைப்பைக் கட்டண இணைப்பு (metered) என்று குறித்து வையுங்கள்.

வெளிநாடு போகும்போது?

டேட்டா ரோமிங் ஆஃப். அதற்கு மேல் நிறுவனத்திடம் ரோமிங் தடை. எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் நாட்டை விட்டுப் போகாமலேயே பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் போன் பிடித்துக்கொள்ளும், அங்கே வசிப்பவர்கள் எப்போதுமே ஆஃபில் வையுங்கள். கப்பலிலும் விமானத்திலும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், அங்கே கிடைக்கும் மொபைல் இணைப்பு செயற்கைக்கோள் வழியாக வருவது, கட்டணம் மிகவும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் நீங்கியிருந்தாலும், அந்தக் கப்பல், விமான இணைப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதையெல்லாம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பயமுறுத்தாமல். “காசு போயிடும், தொடாதே” என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை, உண்மையிலேயே பேருந்தைத் தவறவிட்டு நிற்கும் நேரத்திலும் போனை எடுக்கத் தயங்கும். கூப்பிடுவதற்கு எந்தக் கணக்கும் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டேட்டாவை ஏன் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வயதில் மாற்றலாம் என்று பேசி வையுங்கள். கேட்காமல் பூட்டிய பூட்டைத் திறக்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை வரும். உங்கள் எண்ணை மனப்பாடமும் செய்ய வையுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் அடுத்தவர் போனில் கூப்பிட அதுதான் உதவும்.

ஏற்கெனவே பெரிய பில் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள், பில் சண்டை அப்புறம். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடிக்கொண்டிருக்கும். பிறகு விவரமான பில்லைக் கேட்டு வாங்கி, எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எதற்காக என்று பாருங்கள். டேட்டா, ரோமிங், சந்தா, கூடுதல் கட்டண எண் என்று ஒவ்வொன்றுக்கும் முறையிடும் வழி வேறு. நள்ளிரவில் ஓடிய டேட்டா என்றால் அது பிள்ளை பார்த்ததா, பேக்கப்பா என்று போனில் இருக்கும் செயலிப் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை ரீசெட் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் கஸ்டமர் கேரில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பு தாண்டும் முன் எச்சரிக்கை வந்ததா, சந்தாவுக்கு யார் எப்போது ஒப்புதல் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பயன்படுத்தியது சிறுவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முதல்முறை என்றால் முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி செய்யும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். முதலில் பேசுபவர் மறுத்தால் அவருக்கு மேலே இருப்பவரிடம் கேளுங்கள், அங்கேயும் நடக்காவிட்டால் உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பிலோ நுகர்வோர் அமைப்பிலோ அந்தப் புகார் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். செயலிக் கடையில் போன காசு என்றால் முறையிட வேண்டிய இடம் கூகுளோ ஆப்பிளோதான், அங்கே தாமதிக்காமல் முதல் இரண்டு நாளுக்குள் கேட்டுவிடுங்கள்.